கட்டை வைத்த கை

“நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடுயா. உன் கால்ல வேணா வுழறேன்!”

எழுந்ததிலிருந்து ஞானம்மா இதையேதான் புருஷன் தாவீதிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை வாசலில் வந்து நின்ற இரண்டு தடியன்கள் கிளப்பிவிட்டுப் போன பயம் அது. “எல்லப்பனுக்கு விரலு போச்சு. வாயத் தொறந்தா உனுக்கு இன்னா போவும்னு யோசிச்சிக்கோ” என்று அவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காது. வேலை வேகமாக ஓடவேண்டுமென்று சூப்பர்வைசர் பாண்டுரங்கன் ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி மரக்கட்டையைச் செருகிவிட்டார். அதில் வேலை செய்த எல்லப்பனின் விரல்கள் போயின. இப்போது, கட்டையை வைத்ததே எல்லப்பன்தான் என்கிறது கம்பெனி. அது நிலைத்துவிட்டால் அவனுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

இன்று அரசாங்க ஆய்வாளர் கம்பெனி ஆபீஸுக்கு விசாரிக்க வருகிறார். பக்கத்து மெஷினில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் தாவீது. சொன்னால் வேலை போகும். 1991இல் இந்தப் பக்கம் கம்பெனி வேலை லேசில் கிடைக்கிற சமாசாரமா என்ன?

“எனுக்கு மட்டும் பயம் இல்லியா?” என்றான். “அதுக்காக, கண்ணால பாத்தத இல்லன்னு சொல்லச் சொல்றியா?”

“பைபிள் மேல கைய வச்சி சொல்லு, ஆபீஸ் பக்கம் போவ மாட்டேன்னு.”

“பொய்க்குத் தொணை போறேன்னு வேதத்து மேல சத்தியமா? நல்லா கீதுடி! சர்ச்சுல முன்னாடி நின்னு பாடறியே, அதெல்லாம் சும்மாவா?”

அவள் முழங்கால் போட்டு ஜெபித்தாள். தன்னைத் தடுக்கத்தான் ஆண்டவரிடம் மன்றாடுகிறாள் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, தூங்கும் பிள்ளைகளைத் தடவிக்கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் பெருக்குகிற வேலை.

தாவீது போனபோது, ஆபீஸ் வாசலிலேயே பாண்டுரங்கன் காவல் நின்றார்.

“இன்னாப்பா, பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் சௌக்கியமா?”

‘கர்த்தாவே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தாவீது கதவைத் தள்ளினான்.

உள்ளே ஆய்வாளர் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே, துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள் ஞானம்மா. ஆபீஸ் பெருக்கப் போனவளை யார் தடுப்பார்கள்?

“வாப்பா. சூப்பர்வைசர் கட்டையைச் செருகும்போது, அங்கேதான் பெருக்கிட்டிருந்தேன்னு இந்தம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்லப்போற?”

ஞானம்மா புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் சொல்லிக்கிறேன், உன் வேலையாவது மிஞ்சட்டும்னுதானேயா வராதே வராதேன்னு கெஞ்சினேன்!”