மருந்துச் சீட்டில் ஒரு தாழ்ப்பாள்

என் மகள் நறுமுகைக்கு வெகுநாளாக மலச்சிக்கல். கொய்யாப்பழம், விளக்கெண்ணெய், கடுக்காய் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. கடைசியில் டாக்டர் ஒரு பேசும் மாத்திரையை விழுங்க வைத்தார். சில நாள் குடலுக்குள் இருந்துவிட்டு அது சொன்னது:

"குடலில் கோளாறு இல்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் வருகிறது, தினமும் அடக்கிக்கொள்கிறாள். மருந்து: கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"கதவைத் தள்ளித் திறந்துட்டு சிரிப்பாங்கம்மா."

டாக்டர் அதையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மறுநாள் காலை ஸ்குரூ டிரைவரோடு பள்ளிக்கூடத்தில் நின்றேன். டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரே கழிப்பறைதான்.

தலைமையாசிரியை ஓடி வந்தார். "மேலயிருந்து அனுமதி வரணும்மா. நீங்களா எதையும் மாட்டக் கூடாது."

"இது டாக்டர் எழுதின மருந்து, டீச்சர். என் பிள்ளைக்குக் கொடுக்காம நான் நகர மாட்டேன்."

கடைசித் திருகாணியையும் முறுக்கி, உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டு, வெளியிலிருந்து தள்ளிப் பார்க்கச் சொன்னேன். கதவு அசையவில்லை. நான் திறந்தபோது தலைமையாசிரியை தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

முதல் மணி அடித்தும் அவர் வெளியே வரவில்லை.