இலைப்பூச்சிக்குப் போட்ட தையல்

மழைக்காட்டுக் கொய்யா மரமொன்றில் ஓர் இலைப்பூச்சி வாழ்ந்தது. பார்த்தால் அசல் இலை. அசைந்தால் யாராவது தின்றுவிடுவார்கள் என்று மூச்சைக்கூட அளந்துதான் விடும். பேசாமலே இருந்து இருந்து, தனக்குக் குரல் உண்டா என்பதே அதற்குச் சந்தேகமாகிவிட்டது.

ஒரு நாள் முசுறு எறும்புகள் அங்கே கூடு கட்ட வந்தன. தங்கள் குட்டிப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை கக்கும் நூலால் இலையோடு இலையைத் தைப்பது அவற்றின் வழக்கம். ஓர் எறும்பு, இலைப்பூச்சியின் முதுகோரத்தையும் பக்கத்து இலையோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

இலைப்பூச்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பேசினால் எறும்புகளுக்கு இரை. பேசாவிட்டால் ஆயுளுக்கும் கூட்டின் சுவர். கடைசியில் மெல்லச் சொன்னது: "அம்மாடி, நான் இலை இல்லை."

எறும்பு பதறியது. "அடிப்பாவி! இத்தனை தையல் போட்டேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இலைன்னு நினைச்சுத்தானே இவ்வளவு பக்குவமாத் தொட்டே? பூச்சின்னு தெரிஞ்சா கடிப்பியேன்னு பயந்தேன்."

அதற்குள் மேலிருந்து அக்காள் எறும்பு அதட்டியது: "அங்கே யாரோட பேச்சு? இரை ஏதும் சிக்கிச்சா?"

"ஒண்ணுமில்லக்கா. இது ஓட்டை இலை, பிரிச்சுடறேன்."

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இலை பார்க்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு முசுறு!"

எல்லா எறும்புகளும் சிரித்தன. தைத்த எறும்பு தலை குனிந்தபடி நூலை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தது.

இப்போதும் அந்த எறும்பு அவ்வழியே போகும்போது, மற்றவர்கள் பார்க்காத நேரமாக, "என்ன இலையம்மா, சௌக்கியமா?" என்று கேட்கும். காற்றே இல்லாத நாளிலும் இலைப்பூச்சி ஒருமுறை ஆடிக் காட்டும்.