பனிக்கு ரயர்

“கேட்டியளே அப்பா, உங்கடை மகன் பனியிலை ஓடுறதுக்கு ரயர் வாங்கப் போறாராம்.”

குணலட்சுமி கடிதத்தை மேசையில் போட்டாள்.

ரொறன்ரோவிலிருந்து அண்ணை எழுதியது. மூன்று மாதம் அலைந்து இணுவிலுக்கு வந்திருந்தது. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். வழமையான ரயர் பனியில் சறுக்குமாம். பனிக்கென்றே தனி ரயர் இருக்கிறதாம். அதில் எந்த மாதிரி நல்லதென்று அப்பாவைக் கேட்டு எழுதட்டாம்.

அவள் அன்று தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். பின்சில்லு ரயர் மூன்றாம் தரமும் வெடித்துவிட்டது. தைத்த இடத்திலேயே திரும்பவும் தைக்கவேண்டும். சண்டையால் சாமான்களுக்குத் தடை வந்து மூன்று வருடம். புது ரயரைக் கண்ணால் கண்டும் மூன்று வருடம்.

“நாலும் புதுசாம். சரியான எடுப்பு, வெளிநாட்டுப் பெருமை.”

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் மாஸ்ரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“கொப்பர் ஐஸ்பழத்தைத் தவிர வேறை எங்கை பனியைக் கண்டவர்? அவரிட்டையோ கேக்கிறான் கொண்ணை?”

அப்பா நமசிவாயம் முகட்டைப் பார்த்தபடி இருந்தார். முப்பது வருடம் வாடகைக்கார் ஓடியவர். பெற்றோல் நின்ற நாளிலிருந்து கார் கொட்டிலில் கல்லின்மேல் நிற்கிறது. அவர் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். கேட்டால் ‘ஓம்’. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பாதிச் சோறு கோப்பையிலேயே காய்ந்துபோகும். அம்மா போன நேரத்தில்கூட அவர் இப்படி இருந்ததில்லை.

“பனி எப்பிடி இருக்குமெண்டு எழுதியிருக்கிறானே?”

குணலட்சுமி திடுக்கிட்டாள். அப்பாவின் குரல்தான்.

“விழேக்கை மணல் மாதிரியாம். பிறகு சேறாம். இறுகினால் கண்ணாடியாம்.”

“அப்ப மூண்டு பாதை,” என்றார் நமசிவாயம். எழுந்து, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார்.

அடுத்த ஒரு கிழமை வீட்டில் ரயர்க் கதைதான். காரின் ரயர் ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். மழைச் சேற்றில் பழைய ரயர்களை உருட்டிப் பார்த்தார். மாஸ்ரரைப் பிடித்து வைத்து, வல்லிபுரக் கோயில் மணலுக்குள் கார் புதையாமல் ஓடின கதையை இரண்டு தரம் சொன்னார்.

“இனிக் காங்கேசன்துறையிலை பனி கொட்டினாலும் எங்களுக்குப் பயமில்லை,” என்றார் மாஸ்ரர். நமசிவாயம் சிரித்தார். அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

கொப்பித் தாளில் நாலு பக்கம் எழுதினார். ‘வெட்டு ஆழமாக இருக்கவேணும். ரப்பரை நகத்தாலை அழுத்திப் பார், கல்லுப்போலை இருந்தால் வேண்டாம். முன்னுக்கு ஒரு சாதி, பின்னுக்கு ஒரு சாதி போடாதை. நாலும் ஒண்டாய் இருக்கவேணும். குளிருக்குக் காத்து இறங்கும், கிழமைக்கொருக்கால் பார்.’

உறையை ஒட்டும் முன் குணலட்சுமி தானும் ஒரு துண்டு வைத்தாள். ‘நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறன். நீங்கள் நாலு ரயருக்கு விளம்பரம் எழுதுங்கோ.’

ஆனி மாதம் மறுமொழி வந்தது. அவளுடைய பள்ளிக்கூட விலாசத்துக்கு.

‘தங்கச்சி, நீ ஏசினது சரி. ஆனால் என்னட்டைக் கார் இல்லை. நான் பஸ்ஸிலைதான் வேலைக்குப் போறன். அப்பா வாயே திறக்கிறேல்லை எண்டு நீ முந்தி எழுதினாய். எதைக் கேட்டால் அவர் எழும்புவாரெண்டு யோசிச்சன், ரயர்தான் ஞாபகம் வந்தது. அடுத்த கடிதத்திலை பிறேக்கைப் பற்றிக் கேப்பன். அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் திரும்பவும் கதிரைக்குப் போய்விடுவார்.’

ஆசிரியர் அறையில் ஒருவரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுதிய அந்தத் துண்டு நினைவில் முள்ளாகக் குத்தியது.

வீட்டுக்கு வந்தபோது நமசிவாயம் கொட்டிலில் குந்தியிருந்து அவளுடைய சைக்கிள் ரயரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“கொண்ணையிட்டை இருந்து கடிதம் ஏதும் வந்ததே?”

“இல்லை அப்பா.” பொய் சொல்லிப் பழக்கமில்லை, நிலத்தைப் பார்த்தாள். “அவருக்கு... கார் ஓடவே நேரமில்லையாக்கும்.”

“எந்தக் கார்?”

அவள் நிமிர்ந்தாள். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரயர் கேக்கிறவன் முதல்லை சைசை எழுதுவான், பிள்ளை. சின்னனிலை இருந்து என்னோடை சில்லுக் கழட்டினவனுக்கு அது தெரியாதே? கடிதத்தை வாசிச்ச உடனையே விளங்கிச்சுது, உவனிட்டைக் கார் இல்லையெண்டு.”

“பிறகேன் அப்பா நாலு பக்கம் எழுதினனீங்கள்?”

நமசிவாயம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இல்லாத காருக்கு ரயர் கேட்டு எழுதுறானெண்டால், பாவம், அங்கை கதைக்க ஒரு சனம் இல்லாமல் கிடக்கிறானாக்கும் எண்டு நினைச்சன். எனக்குத் தெரியுமெண்டு அவனுக்கு எழுதிப்போடாதை. பிறகு ஒண்டும் கேக்கமாட்டான்.”