பாப்பாயி எடுத்த வசனம்

“அக்கா, கொஞ்சம் உக்காரலாங்களா? கால் கடுக்குது.”

பெரியநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேந்தமங்கலம் சாலையில் முதல் புளியமரமே இப்போதுதான் வந்தது. அதற்குள் பாப்பாயியின் கண் நிழலுக்குப் போய்விட்டது.

“இப்பத்தானே ஊட்டை விட்டுக் கிளம்புனோம்?”

“என்ர வசனம் அப்படிங்க்கா.” பாப்பாயி மரத்து வேரில் போய் உட்கார்ந்துவிட்டாள். “‘சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்.’ ஆண்டவரே கூப்பிடறாரு. நீங்களும் வாங்க.”

வேறு வழியில்லை. தனியாகப் போகக் கூடாது என்பது மிஷன் சட்டம். பெரியநாயகியும் உட்கார்ந்தாள். செம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பாப்பாயி ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே பெரியநாயகியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, “போலாங்களா?” என்று எழுந்தாள்.

ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வது இருவருக்கும் வேலை. பைபிள் அம்மா என்று ஜனங்கள் சொல்வார்கள். வருஷப் பிறப்பன்று ஆளுக்கொரு வசனத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். வருஷம் முழுக்க அதன்படி நடக்க வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, மிஷனை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானியம்மா கூட்டம் போட்டு, யார் எப்படி நடந்தார்கள் என்று கேட்பார்.

பெரியநாயகி எடுத்திருந்த வசனம் சபை முழுக்கப் பிரசித்தம். ‘ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால், அவனோடு இரண்டு மைல் தூரம் போ.’ புருஷன் போன பிறகு இந்த நடைதான் அவளுக்குச் சோறு, இந்த நடைதான் அவளுக்குக் கூரை. தலை நரைத்தும் நடை குறையவில்லை என்று அவளுக்கே உள்ளூரப் பெருமை.

இப்படி ஒருத்தி கூட வந்து சேர்ந்தால் என்ன செய்வது?

ஊருக்குள் நுழைந்தபோது, முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் சிரித்தாள்.

“ஏனுங், இன்னிக்கு எத்தனை மரத்துக்கு வேதம் சொல்லிட்டு வாரீங்க?”

பாப்பாயியும் சேர்ந்து சிரித்தாள். பெரியநாயகிக்குத்தான் முகம் சுருங்கியது.

கூட்டத்துக்கு முந்தின நாள் துரைசானியம்மாவைத் தனியே பார்த்துச் சொல்லிவிட்டாள்.

“என்னால முடியலீங்கம்மா. அவ நடக்கறதைவிட உக்காருறதுதான் அதிகம்.”

மறுநாள் கூட்டம். பெரியநாயகி தன் வசனத்தைச் சொன்னதும் பெண்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். பாப்பாயி தன் வசனத்தைச் சொன்னபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

துரைசானியம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தில் படித்த தமிழில் கேட்டார்:

“பாப்பாயி, வழியில் அடிக்கடி உட்காருகிறது யார் நிமித்தம்?”

பாப்பாயி பெரியநாயகியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“கால் வலிங்கம்மா.”

“நடக்க இயலாதவர்களை இந்த வேலையில் வைக்க முடியாது. உனக்குத் தெரியுமே.”

“தெரியுமுங்கம்மா.”

ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவ அவளை அனுப்பினார்கள். போகிற அன்று மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“வாரேனுங்க்கா. தண்ணிச் செம்பை மட்டும் மறந்துராதீங்க.”

பெரியநாயகி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “ம்” என்றாள்.

வருஷம் பிறந்தது. பாப்பாயிக்குப் பதிலாக அதே சபையைச் சேர்ந்த வசந்தாமணி வந்தாள். குழந்தை குட்டி இல்லாதவள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அவள் எடுத்த வசனமும் அதற்குத் தக்கதுதான். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.’

முதல் நாள் நடை. வசந்தாமணி வீசி நடந்தாள். இதுவல்லவா நடை என்று பெரியநாயகியும் எட்டி வைத்தாள்.

தை மாதத்துக் காலை. கொல்லிமலைமேல் பனி இன்னும் விலகவில்லை. ஆனாலும் பெரியநாயகிக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சுக்குள் கொல்லன் துருத்தி ஊதுவதுபோல் ஒரு இரைச்சல். வெயில்தான் காரணம் என்று நினைக்கப் பார்த்தாள். வெயிலே வரவில்லை. கொஞ்சம் நில்லு புள்ள என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு மைல் போகிறவள் அரை மைலில் நிற்கலாமா?

புளியமரம் வந்தது. வசந்தாமணி சட்டென்று நின்றாள்.

“அக்கா, எனக்குக் கால்...”

“என்னது? உனக்குமா?” பெரியநாயகிக்கு மூச்சும் கோபமும் ஒன்றாக வந்தன. “நேத்து வந்தவ நீ! உனக்கும் அதுக்குள்ளே கால் வலிக்குதா?”

வசந்தாமணி விழித்தாள். கடைசியில் வேரின்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

“இல்லீங்க்கா, வலிக்கலை. என்ர வசனத்தை வெச்சுக்கிட்டு எனக்குப் பொய் சொல்ல வரமாட்டேங்குது. பாப்பாயி அக்கா போறப்பச் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. ‘புளியமரத்துக்கிட்ட வந்தா அக்காவுக்கு மூச்சு வாங்கும். வாயைத் தொறந்து கேக்க மாட்டாங்க. துரைசானிக்குத் தெரிஞ்சா அவங்க பொழப்பு போயிரும். அதனால நீதான் கால் வலிக்குதுன்னு சொல்லி உக்காரோணும்’னு.”