பிடிக்காத பிரேக்

டெஸ்ட் லாம்ப் எரியவில்லை.

நசுங்கிய ஜீப்பின் கன்ட்ரோலருக்கு வேறொரு பாட்டரியை மாட்டி, பிரேக் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் தனசிங், அதன் ஒரு முனையைப் பிரேக் ஒயரிலும் மறு முனையை டிரெய்லர் ஃப்ரேமிலும் மறுபடி வைத்துப் பார்த்தான். ம்ஹூம்.

"இன்னா தலீவா, செத்தவன் பிரேக்க மிதிச்சானா இல்லியான்னு பல்பு சொல்லிடுமா?"

கேட்டது பக்தவச்சலம். செத்துப்போன சம்பத்தின் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்ததிலிருந்து இப்படித்தான் குத்திக்கொண்டிருந்தான்.

சம்பத்தின் மனைவி நாகலக்ஷ்மி பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு அன்னிக்குக் குடிக்கல மாமா. வண்டிதான் நிக்கல."

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன படகு டிரெய்லர் அது. ஜீப்பில் பிரேக்கை மிதித்தால், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கன்ட்ரோலர் கரண்ட் அனுப்பும். டிரெய்லர் சக்கரங்களுக்குள் இருக்கும் காந்தம் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்குப் பிடிக்கவில்லை. பாலத்து இறக்கத்தில் பின்னால் வந்த படகு, ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு லாரிக்கு அடியில் செருகிவிட்டது.

போதையில் ஓட்டினான் என்று குப்பம் முழுக்க ஒரே பேச்சு. காரியத்துக்குக்கூடப் பாதிப் பேர் வரவில்லை.

தனசிங் பல்பின் மறு முனையை ஃப்ரேமிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருந்த பாட்டரியின் நெகட்டிவில் நேராக வைத்தான்.

பளிச்!

கரண்ட் வருகிறது. கன்ட்ரோலர் மேல் தப்பில்லை. அப்படியென்றால் எர்த், கரண்ட் ஃப்ரேம் வழியாகத் திரும்பும் பாதை.

எர்த் ஒயர் ஃப்ரேமில் ஒரு போல்ட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினான். அடியில் இரும்பே தெரியவில்லை. வழவழவென்று பச்சை பெயிண்ட். பெயிண்டைத் தாண்டி கரண்ட் எங்கே போகும்?

பிளேடால் சுரண்டிவிட்டு ஒயரை வைத்தான். காந்தங்கள் உர்ர்ரென்று உயிர் பெற்றன.

எந்த மடையன் பார்த்த வேலை இது? தலையை வெளியே நீட்டினான்.

"யாரும்மா இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?"

வந்ததிலிருந்து முதன்முறையாக நாகலக்ஷ்மியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"நான்தாண்ணா. ஆயுத பூஜைக்கு. உப்புக் காத்துல துரு புடிச்சிடும்னு ஒரு போல்ட்டு வுடாம கழட்டி, அடியில எல்லாம் அடிச்சு மாட்னேன். அவருக்கு அம்மாம் சந்தோசம். மறுநாளே வெளிய எடுத்துகினு போனாரு."

தனசிங் பாட்டரி ஒயரைப் பிடுங்கினான். உறுமல் நின்றது.

"இன்னாபா, இன்னா ஆச்சாம்?" பக்தவச்சலம் குனிந்தான்.

தனசிங் பச்சை பெயிண்டின் மேலேயே ஒயரை வைத்து போல்ட்டை முறுக்கினான்.

"காந்தம் எரிஞ்சிபோச்சு. உன் தம்பி மிதிச்சிருக்கான்யா. வண்டிதான் கேக்கல."

பக்தவச்சலம் நசுங்கிய ஜீப் மேல் அப்படியே சாய்ந்தான். "தம்பீ..." என்று வெடித்து அழுதான்.

நாகலக்ஷ்மி அழவில்லை. எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அந்தக் காந்தத்தக் கழட்டிக் குடுண்ணா. ஊர்க் கூட்டத்துல வெச்சு ஒவ்வொருத்தனுக்கும் காட்டணும்."

தனசிங் டிரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

"நேரமாகும்மா. மாமாவக் கூட்டிகினு போயி எதிர்க்கடையில டீ வாங்கிக் குடு."

இருவரும் சாலையைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சக்கரத்தைக் கழற்றி, எரிந்த தடமே இல்லாமல் பளபளத்த காந்தத்தை இடுக்கியில் பிடித்து வெளியே எடுத்தான்.

கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்தான்.