சுவர் வரும் இடம்

செலின் காலையில் ஊசியால் குத்திய பச்சைக் கடற்பாசி, கோலிக்குண்டு அளவு இருந்தாலும் ஒரே ஒரு செல். குத்தியதும் உள்ளிருந்த பச்சை சுருங்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிந்தது. மாலையில் அவற்றுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி ரோச் ஊரிலிருந்து அழைத்தான். அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை முந்தாநாள்தான் முடிந்திருந்தது.

“எக்கா, கொத்தனார் வந்தாச்சு. வீட்டை மூணாப் பிரிச்சுச் சுவரு வைக்கணும்னு அண்ணன் சொல்லுதான். ஒனக்கு எந்தப் பக்கம் வேணும்?”

“அம்மா கட்டில் எங்க கெடக்கு?”

“சுவரு வாற எடத்துலதான்.”

உருண்டைகள் தனித்தனியே தம்மைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவர் எழுப்பியிருந்தன. சுவர்கள் சாயத்தில் நீலமாக ஒளிர்ந்தன. ஒன்று மட்டும் ஒளிரவில்லை. சுவர் கட்டாதது விடிவதற்குள் கரைந்துவிடும்.

“எக்கா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்” என்றாள் செலின், ஒளிராததைப் பார்த்தபடியே.