எதிர்வீட்டுக் கேசரி

குடியிருப்போர் சங்கம் எல்லோர் காதிலும் ஒரு சின்ன வடிகட்டியைப் பொருத்திவிட்ட பிறகு, மூன்றாம் மாடியில் சண்டை சச்சரவே இல்லை. மாற்றுக் கட்சிக்காரர் பேசும்போது அரசியல் வாடை அடித்தால் போதும், அந்தப் பேச்சு முழுசாகவே காதில் விழாது. விழாத இடத்தில் சிரித்துத் தலையாட்டிவிட எல்லோரும் பழகியிருந்தார்கள்.

செல்லத்துரைக்குத்தான் அந்த அமைதி ஒத்துவரவில்லை. எதிர்வீட்டு அருளப்பனோடு இருபது வருஷம் மல்லுக்கட்டாமல் அவருக்குக் காலைக் காப்பி இறங்கியதில்லை. மகள் பிறந்தபோதுகூட அருளப்பன், "உங்க தலைவன் மூஞ்சி மாதிரி இல்லாம, பிள்ளை லட்சணமா இருக்குய்யா" என்றுதான் வாழ்த்தினார். கட்சியை இழுக்காமல் ஒரு நல்ல வார்த்தை அந்த மனுஷன் வாயில் வந்ததே கிடையாது.

தேர்தல் முடிவு வந்தது. ஜெயித்த கட்சிக்காரர் கேசரி கொண்டுவருவது அவர்கள் வழக்கம். அருளப்பன் கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்று வெகுநேரம் பேசினார். உதடுதான் அசைந்தது. கண் கலங்கியிருந்தது. ஜெயித்த பூரிப்பு என்று நினைத்துக்கொண்டார் செல்லத்துரை. "சரிய்யா, சரி" என்று சிரித்துக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலி கிண்ணத்தில் முறுக்கு நிரப்பிக்கொண்டு போனால், எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது.

"மகன் வீட்டோடயே போயிட்டாரு சார்," என்றார் வாட்ச்மேன். "உங்ககிட்ட நேத்தே சொல்லிட்டாராமே? 'போகாதய்யான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நெனச்சேன், சிரிச்சுக்கிட்டே சரி சரின்னுட்டான்'னு சொல்லிக்கிட்டே ஆட்டோவுல ஏறுனாரு."